ஐஸ் கம்பெனி எஞ்சினும் இக்னேஷியஸ் மாஸ்டரும்

சாந்தோம் கோயிலுக்குப் பின்னால், கடற்கரையைப் பார்த்து இறங்கும் சந்தில், டிராயிங் மாஸ்டர் இக்னேஷியஸ் குடியிருந்தார். அவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. மனிதர் தங்கம் என்பது ஒன்று. மனிதருக்கு மறை கொஞ்சம் கழன்றிருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆட்கள்தான் சொன்னார்கள், அதுவும் ஒரே மூச்சில்.

சொல்வதற்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் மற்ற வாத்தியார்கள் டியூஷனுக்கோ கடற்கரைக் காற்றுக்கோ போவார்கள். இவர் நேரே வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பின்கட்டில் உட்கார்ந்து அரத்தைக் கையில் எடுத்துவிடுவார். பெரிய பெரிய இயந்திரங்களை அளவு பிசகாமல் சின்னதாகச் செய்வது அவருடைய பைத்தியம். அசலில் ஓர் அடி என்றால் இவரிடம் ஒன்றரை அங்குலம். கடையில் வாங்கிப் பூட்டுகிற சமாசாரம் எதுவும் கிடையாது. பிஸ்கட் டின்னை வெட்டித் தகடாக்குவார். சைக்கிள் சக்கரத்துக் கம்பியை அறுத்து போல்ட்டாக்குவார். மூர் மார்க்கெட் பழைய சாமான் கடைகளில் பொறுக்கிய பித்தளைக் குழாயும் விளக்குத் தண்டும் அவர் கையில் பிஸ்டனாகவும் வால்வாகவும் மாறும். கோயிலில் உடைந்துபோன மெழுகுவத்தித் தண்டு ஒன்றை உபதேசியாரிடம் கெஞ்சி வாங்கிவந்தபோது, "கோயில் சாமானைப் போயி மெஷினுக்குப் போடறீங்களே, அடுக்குமா?" என்று அவர் மனைவி ஐரின் கேட்டாள். ஐரினுடைய குடை ஒரு நாள் கம்பியில்லாமல் வெறும் துணியாகக் கிடந்ததிலிருந்து, வீட்டில் எது காணாமல் போனாலும் அவள் முதலில் பின்கட்டில்தான் தேடுவாள்.

மாஸ்டர் கோபித்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வார்த்தை மட்டும் அவருக்கு ஆகாது. பொம்மை என்ற வார்த்தை.

அதற்கும் ஒரு கதை உண்டு. யுத்தத்துக்கு முன்னால், மாதா திருநாளின்போது, கோயில் பங்கில் ஒரு சின்னப் பொருட்காட்சி வைத்தார்கள். மாஸ்டர் தாம் செய்த அச்சு இயந்திரத்தைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தார். வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். கடைசியில் ரிட்டையரான ரயில்வே போர்மன் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "எல்லாம் ஜோர்தான். கைப்பிடி மட்டும் அந்தப் பக்கமில்ல வரணும்?" என்றார். வாஸ்தவம்தான். மாஸ்டர் வலது இடது மாற்றிப் போட்டிருந்தார். பக்கத்திலிருந்த ஒருவர், "பொம்மைதானே, எந்தப் பக்கம் இருந்தா என்ன?" என்று சமாதானம் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. மாஸ்டரும் கூடச் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து அந்த அச்சு இயந்திரத்தைப் பரண்மேல் ஏற்றிச் சாக்குப் போட்டு மூடினார். இரண்டு வேளைச் சோறு அவருக்கு இறங்கவில்லை.

அன்றைக்குப் பிடித்த வீம்புதான். மெஷினில் எது இருக்கிறதோ அதுதான் நம் வேலையில் இருக்க வேண்டும், ஒன்று கூடவும் கூடாது, ஒன்று குறையவும் கூடாது என்று ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டார். அதன்பிறகு செய்த தையல் இயந்திரத்தில், அசலில் மூக்கு உடைந்திருந்த ஒரு திருகை இவரும் மூக்கை உடைத்தே வைத்தார். பார்ப்பவர்களுக்கு அதைத் தேடிக் காட்டிச் சந்தோஷப்படுவார். இது கொஞ்சம் அதிகம் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம். யார் சொல்வது? ஐரின் குடையைப் பறிகொடுத்த கோபத்தில் இருந்தாள்.

யுத்தம் முடிந்த வருஷம் அவர் கண் ஐஸ் கம்பெனி எஞ்சின்மேல் விழுந்தது. அடையாற்றுக் கரையில், சைதாப்பேட்டைக்குப் போகும் வழியில், ராஜரத்தினம் முதலியார் என்பவருடைய ஐஸ் கம்பெனி இருந்தது. நீராவி எஞ்சின், பத்தடி உயரச் சக்கரம், அது சுற்றினால் கம்பெனியே லேசாக அதிரும். மேனேஜர் அனந்தராமன் மயிலாப்பூர்க்காரர், சாது. மாஸ்டர் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "பேஷா வந்து அளந்துக்கோங்கோ. எஞ்சின் நிக்கற நாள்ல வாங்கோ" என்று உத்தரவு கொடுத்துவிட்டார். எஞ்சின் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுத்தம் செய்ய நிற்கும். மாஸ்டர் முதல் பூசையைப் பார்த்துவிட்டு, கோயில் வாசலிலிருந்தே சைக்கிளில் கிளம்பிவிடுவார்.

எஞ்சின் டிரைவர் பெயர் வேலு. ஆற்றங்கரைக் குடிசைகளில் பிறந்து வளர்ந்த ஆள். சின்ன வயதில் அதே கம்பெனியில் கரி தள்ள வந்து, எண்ணெய் போட்டு, துடைத்து, எப்படியோ எஞ்சினுக்கே பொறுப்பாளியாகிவிட்டிருந்தான். முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் மாஸ்டரைச் சந்தேகமாகத்தான் பார்த்தான். ஒரு வாத்தியார் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு எஞ்சினுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து நட்டுகளை எண்ணினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இரண்டாவது வாரம் அளவு நாடாவின் மறுமுனையைத் தானாகவே பிடித்துக்கொண்டான். பிறகு ஞாயிறுதோறும், "இன்னா வாத்யாரே, பூசை முடிச்சுக்கினு வந்துட்டீங்களா? டீ சொல்லட்டா?" என்று கேட்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டான். மாஸ்டருக்கு அது புது அனுபவம். அவர் செய்யும் வேலையைச் சிரிக்காமல் பார்த்த முதல் ஆள் வேலு. முடிந்த பாகங்களை அவர் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினால், கையைத் துடைத்துக்கொண்டுதான் வாங்கிப் பார்ப்பான். பார்த்துவிட்டு, "அப்படியே கீது" என்பான். அதற்குமேல் சொல்ல மாட்டான். மாஸ்டருக்கு அது போதும், அடுத்த ஞாயிறு வரை வயிறு நிறைந்திருக்கும்.

பெரிய சக்கரத்தின் அச்சை இரண்டு பக்கமும் இரும்புப் பீடங்கள் தாங்கிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று சுவரோரம். சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் போக முடியும். அங்கே ஒருவரும் போவதில்லை. மாஸ்டர் விடுவாரா? மெழுகுவத்தித் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். பீடத்தைத் தடவி அளந்துகொண்டு வந்தபோது, பச்சைப் பெயிண்டுக்கு அடியில் விரலில் ஒரு விளிம்பு தட்டியது. ஒரு பட்டை. பீடத்தைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு, நாலு நட்டு வைத்து முடுக்கி, மேலே பெயிண்ட் பூசியிருந்தது.

"வேலு, இங்க ஒரு பட்டை இருக்கே. முன்பக்கத்துப் பீடத்துல இல்லையே?"

மாஸ்டர் வெளியே வந்து பார்த்தபோது வேலு வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அவர் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டான்.

"ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு ஊரே காலியாச்சே, அப்போ நடந்தது வாத்யாரே. மொதலாளி கும்மோணம் பூட்டாரு. மேனேஜர் ஐயரும் கிராமத்துக்குப் பூட்டாரு. நானும் கரி தள்ற ஆளுங்களும்தான் கீறோம். ஆஸ்பத்திரிக்கு ஐஸ் போயிக்கினே கீது. ஒரு நாளு டங்குனு ஒரு சத்தம். பார்த்தா இந்தப் பீடக் கட்டையில இம்மாம் நீளம் விரிசல்."

"நிறுத்தியிருக்கலாமே?"

"நிறுத்தினா? புதுக் கட்டை சீமையிலேர்ந்து வரணும். சண்டை நேரத்துல கப்பல் ஏது? கம்பெனியை மூடிக்கினு எல்லாரையும் வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. எங்க குப்பத்துல பாதி வூட்ல அடுப்பு எரியறது இந்தக் கம்பெனியாலதான். சைதாப்பேட்டை கொல்லரைக் கூட்டியாந்து, பட்டை அடிச்சு, சூட்டோட முடுக்கிட்டேன். இன்னிவரைக்கும் ஒரு மயிரிழை நகரல."

"மேனேஜர் திரும்பி வந்ததும் சொல்லலையா?"

வேலு கழுத்தைச் சொறிந்துகொண்டான். "சொல்லணும்னுதான் இருந்தேன். மொத நாளு சொல்லல. மறுநாளு, ஏண்டா நேத்தே சொல்லலேன்னு கேப்பாரேன்னு சொல்லல. அப்படியே பூட்ச்சு. எஞ்சின்ல எது ஒடஞ்சாலும் ஒடனே சொல்லணும், மறைச்சா வேலை போயிடும், அதான் இங்க ரூலு. உங்ககிட்டதான் மொத மொதல்ல சொல்றேன். உங்களோட போவட்டும்."

"மாதாமேல சத்தியம் வேலு. என் வாயாலே யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார் மாஸ்டர். மனசாரத்தான் சொன்னார். அதில் ஒரு துளி பொய் இல்லை.

மழைக்காலம் போய், வெயில்காலமும் போய், வேலை பீடத்துக்கு வந்தது. முன்பக்கத்துப் பீடம் முடிந்தது. சுவரோரப் பீடத்தைச் செய்ய உட்கார்ந்த அன்று மாஸ்டருக்குப் பட்டை ஞாபகம் வந்தது. விட்டுவிடலாம். விட்டால் யாருக்குத் தெரியும்? தமக்குத் தெரியுமே என்று நினைத்தார். பரண்மேல் சாக்குக்கு அடியில் கிடந்த அச்சு இயந்திரத்தை நினைத்தார். வேலுவிடம் கொடுத்த வாக்கை உடைப்பதாகுமா என்று யோசித்துப் பார்த்தார். சொல்ல மாட்டேன் என்றுதானே சத்தியம் செய்தோம், செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லையே. தவிரவும், அசலில் அது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மாடலையும் சுவரோரமாகத்தானே வைப்பார்கள். இப்படியெல்லாம் தமக்குத்தாமே வக்கீல் வைத்து வாதாடி, தாமே நீதிபதியாக இருந்து, தமக்குச் சாதகமாகத் தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். பிறகு அந்தப் பட்டையைச் செய்தார். பிஸ்கட் டின் தகட்டில் மெல்லிய பட்டை, கடுகளவு நாலு நட்டு. மொத்த எஞ்சினிலும் அதைப்போல் நுணுக்கமான வேலை வேறெதுவும் அமையவில்லை. அதை வேலுவிடம் மட்டும் அவர் கொண்டுபோய்க் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று அப்போது தம்மைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சரியாக மாடல் முடிந்தது. முதலியாருக்கு விஷயம் எட்டி, பூஜையன்று எல்லாரும் பார்க்கும்படி கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். ஜட்கா வண்டியில், மடியில் வைத்த குழந்தையைப்போல் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மாஸ்டர் போய்ச் சேர்ந்தார். எஞ்சின் குளிப்பாட்டி விட்டதுபோல் பளபளவென்று நின்றது. சக்கரத்துக்கு மாலை, சிலிண்டருக்குச் சந்தனம் குங்குமம், நாலு மூலையிலும் வாழைக்கன்று. நாயனக்காரர்கள் வேறு அந்தக் கூரைக்கு அடியில் பிளந்துகட்டிக்கொண்டிருந்தார்கள். மாடலுக்காக முதலியார் வீட்டிலிருந்து ஒரு வட்ட மேஜை வந்திருந்தது. அதைக் கொண்டுபோய்க் கூடத்துக்கு நட்டநடுவில் போட்டிருந்தார்கள், எல்லாரும் சுற்றி வந்து பார்க்க வசதியாக.

அந்த மேஜையைப் பார்த்ததுமே மாஸ்டருக்குப் பின்பக்கத்துப் பட்டை ஞாபகம் வந்தது. சுவரோரம் நகர்த்தலாமா என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் முதலியார் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அபாரம் சார், அபாரம்" என்றார். மாஸ்டர் கேட்க நினைத்ததை மறந்துபோனார். புகழ்ச்சி அந்த மாதிரி சரக்கு.

சுமார் முப்பது பேர் மேஜையைச் சுற்றி நின்றார்கள். மாஸ்டர் சக்கரத்தை விரலால் சுற்றிவிட, பிஸ்டன் முன்னும் பின்னும் போய்வர, எல்லாரும் 'அடடா' போட்டார்கள். வேலு அப்பால் எஞ்சின் முன்னால், துவைத்த வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாகக் கற்பூரத் தட்டோடு நின்றிருந்தான். நாயனச் சத்தத்தில் இங்கே பேசுவது அவன் காதுக்கு எட்டாது. மாஸ்டரைப் பார்த்துப் பெருமையாகத் தலையை மட்டும் ஆட்டினான்.

அனந்தராமன் மேஜையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். குனிந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"மாஸ்டர், இந்த இடத்துல மட்டும் கை தவறிடுத்தோ? பீடத்துல ஒரு பட்டை போட்டிருக்கேளே. நம்ம எஞ்சின்ல இப்படி ஒண்ணும் கிடையாதே" என்றார். சிரித்துக்கொண்டுதான், வாஞ்சையாகத்தான் கேட்டார்.

முதலியாருடைய மைத்துனர் ஒருவர், கழுத்தில் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு நின்றவர், குறுக்கே புகுந்தார். "விடுங்க சார். பொம்மைதானே, அவருக்குத் தோணினதை வெச்சிருப்பாரு." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ஆமாம் சார், கை தவறிவிட்டது. இதுதான் சொல்ல வேண்டியிருந்தது. மேனேஜரே அதை எடுத்து நீட்டினார், வாங்கிக்கொண்டிருந்தால் போதும். அந்த வார்த்தைகள் மாஸ்டரின் நாக்கு நுனி வரைக்கும் வந்தன என்பதும் நிஜம். ஆனால் முப்பது பேர் நின்றார்கள். அதில் இரண்டு மூன்று பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு இல்ல சார்" என்றார் இக்னேஷியஸ். அவர் குரலே அவருக்கு வேறு யாருடையதோபோல் கேட்டது. "எஞ்சின்ல எது இருக்கோ அதுதான் இதுல இருக்கு. வேணும்னா பின்னால போய்ப் பார்த்துக்குங்க."

அனந்தராமனுடைய சிரிப்பு மெள்ளக் குறைந்தது. ஆபீஸ் அறைக்குப் போய் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, மாலை போட்ட சக்கரத்துக்குப் பின்னால் ஒருக்களித்து நுழைந்தார். வெளியே வந்தபோது அவருடைய பட்டுக்கரை வேட்டியில் எண்ணெய்க் கறை. நல்ல நாளும் அதுவுமாக யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தீபாராதனை ஆயிற்று. பூசணிக்காய் உடைத்தார்கள். வேலு பொரிகடலைத் தட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி முதலில் மாஸ்டரிடம்தான் வந்தான்.

"எடுத்துக்குங்க வாத்யாரே. எல்லாரும் உங்க வேலையைத்தான் பேசிக்கினு கீறாங்க" என்றான்.

மாஸ்டர் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். வாயில் போட்டார். அந்தப் பொரியை எப்படி மென்று விழுங்கினோம் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார். மனுஷன் என்றால் கையிலிருந்து அது கீழே விழுந்திருக்க வேண்டாமா?

மறுநாளே வேலுவின் சீட்டு கிழிந்துவிட்டது. மாஸ்டருக்கு அது அடுத்த ஞாயிறு கம்பெனிக்குப் போனபோதுதான் தெரிந்தது. எஞ்சின் பக்கத்தில் வேறு ஆள் நின்றான். அனந்தராமன் அவரை உட்காரவைத்துக் காபி வரவழைத்தார்.

"நாலு வருஷம் எங்கிட்ட மறைச்சுட்டான் மாஸ்டர். அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலே. வெடிச்சிருந்தா எத்தனை உயிர் போயிருக்கும்? முதலியார் உங்களைத்தான் கொண்டாடிண்டிருக்கார்."

"வேலு நல்ல ஆள் சார்" என்றார் மாஸ்டர். அவருக்கே கேட்காத குரலில்.

"நல்லவன்தான். அதான் எனக்கும் மனசு கஷ்டமா இருக்கு. நீங்க அன்னிக்கு அடிச்சுச் சொல்லாம இருந்திருந்தா, ஏதோ கை தவறிடுத்துன்னு நெனச்சுண்டு நான்பாட்டுக்குப் போயிருப்பேன்."

காபி ஆறிப்போய் ஆடை கட்டியது. பட்டையை என்ன செய்தார்கள் என்று மாஸ்டர் கேட்டார். ஒன்றும் செய்யவில்லையாம். புதுப் பீடம் சீமையிலிருந்து வர ஒரு வருஷத்துக்கு மேலாகும், அதுவரை இதுவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். வேலு போட்ட பட்டையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது; வேலுவுக்குத்தான் அங்கே இடமில்லை. மாடலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பித்தளைத் தகட்டில் மாஸ்டர் பெயரை வெட்டி ஒட்டப் போவதாக அனந்தராமன் சொன்னார். வாழ்நாள் பூராவும் ஏங்கிய விஷயம். கேட்கும்போது செருப்பைக் கழற்றி முகத்தில் அடித்ததுபோல் இருந்தது.

சந்தில் செய்தி வேறு மாதிரி பரவியிருந்தது. இக்னேஷியஸ் மாஸ்டர் எஞ்சினில் இருந்த விரிசலைக் கண்டுபிடித்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார் என்று. ஐரின் தலைநிமிர்ந்து பூசைக்குப் போனாள். குடையைக்கூட மன்னித்துவிட்டாள். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மாஸ்டர் பல தடவை அடுக்களை வாசல் வரை போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

தாங்க முடியாமல், சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முழங்கால் போட்டார். நடந்ததைச் சொன்னார்.

"நீ சொன்னது மெய்தானே?" என்று சாமியார் வலைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"மெய்தான் சாமி."

"அவன் மறைத்தது தப்புதானே?"

"தப்புதான் சாமி."

"பின்னே எதைப் பாவம் என்று சொல்கிறாய்? வீணாய் மனதைக் குழப்பிக்கொள்ளாதே. மூன்று பிரியதத்தம் சொல்லிவிட்டுப் போ."

மாதாவிடம் மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். சாமியார்மேல் அவருக்குக் கோபம்கூட வந்தது. உள்ளதை எல்லாம் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்து வந்திருந்தார். கடற்கரையோரம் நடக்கும்போதுதான் உறைத்தது. ஏன் அப்படிச் சொன்னோம் என்பதை மட்டும் அங்கேயும் சொல்லவில்லை.

வேலு ஆழ்வார்பேட்டையில் ஒரு விறகுத் தொட்டியில் கட்டை பிளக்கிறான் என்று கேள்விப்பட்டார். எஞ்சினைத் தடவித் தடவிப் பார்த்த கை. வேறு கம்பெனிகளில் போய்க் கேட்டால், 'விரிசலை மறைச்ச ஆளா?' என்கிறார்களாம். மாஸ்டர் தொட்டி வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனார். சில நாள் அந்தத் தெருமுனை வரை போய், கோடாலிச் சத்தம் கேட்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார். வெட்கம் என்பது முகத்தில் மட்டும் இருக்கிற சமாசாரம் என்று அதுவரை நினைத்திருந்தார். அது காலையும் பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்தது.

கடைசியில் ஒரு ஞாயிறு, முதல் பூசை முடிந்து, பழைய வழக்கப்படி சைக்கிள் அடையாற்றுப் பக்கமே போயிற்று. அதன்போக்கில் விட்டு, குப்பத்தில் விசாரித்துக்கொண்டு வேலுவின் குடிசைக்குப் போய்ச் சேர்ந்தார். வேலு வாசலில் உட்கார்ந்து உள்ளங்கைக் கொப்புளங்களுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் எழுந்தேவிட்டான்.

"வாங்க வாத்யாரே. தேவானை, யாரு வந்துகீறாங்க பாரு. வாத்யாரு வந்துகீறாரு."

அவன் பெண்சாதி தேவானை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. ஒரு பலகையை மட்டும் கொண்டுவந்து போட்டுவிட்டு, கதவோரம் நின்றுகொண்டாள்.

வேலு சிரித்தான். "அவ கோவத்தை மனசுல வெக்காதீங்க. நான் சொல்லிட்டேன் இவகிட்ட. அவரு கண்ணுல பட்டதைச் செஞ்சாரு, மேனேஜர் ஐயிரு கண்ணுக்கு அது மாட்டிக்கிச்சு, இதுல அவரு இன்னா பண்ணுவாருன்னு. குப்பத்துல ஒருத்தன் உங்களைத் தப்பா பேசினான். அவனோட சண்டையே வந்துட்ச்சு எனக்கு."

மாஸ்டருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. அவன் சொன்னதை அப்படியே வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. வேலுவின் சிநேகிதமும் அப்படியே இருக்கும். அந்த எண்ணம் வந்ததே, அதற்குத்தான் அவர் எல்லாவற்றையும்விட அதிகமாக வெட்கப்பட்டார்.

"மேனேஜர் தானா கண்டுபிடிக்கல வேலு" என்றார். "அவர் என்கிட்ட கேட்டார். கை தவறிடுத்தான்னு கேட்டார். நம்ம எஞ்சின்ல இது இல்லையேன்னு அவரே சொன்னார். நான்தான் இருக்குன்னேன். பின்னால போய்ப் பாருங்கன்னு நான்தான் அனுப்பினேன்."

வேலு எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

தேவானைதான் முதலில் பேசினாள். "எம் புருஷன் நாலு வருசம் பயத்தை வயித்துல கட்டிக்கினு கெடந்தாரு, பத்துப் பேர் சோத்துக்கோசரம். உங்களால ஒரு நிமிசம் வாயை மூடிக்கினு இருக்க முடியலையா?"

"சும்மா இரு தேவானை" என்றான் வேலு. அப்போதும் அவன் அவருக்காகத்தான் பேசினான். "படிச்சவரு. கோயிலு கொளம்னு போறவரு. பொய் சொல்லிப் பழக்கமில்ல. திடீர்னு கேட்டா வாயில உண்மைதான் வரும்."

"அதுவும் இல்ல வேலு." மாஸ்டர் தலை நிமிரவில்லை. "பொய் சொல்ல எனக்குப் பயமில்ல. சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. அங்க ஒருத்தர் பொம்மைன்னார். நாலு பேர் சிரிச்சாங்க. அத்தனை பேர் முன்னாடி நான் தப்பா செஞ்சுட்டேன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது. அதான். வேற ஒண்ணும் இல்ல."

ஆற்றங்கரையில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. வேலு அவரையே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருக்கிறதா என்று மாஸ்டர் நிமிர்ந்து தேடினார். இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஆசைப்பட்டார். வேலுவுக்கு விஷயம் இப்போதுதான் புரிந்துகொண்டிருந்தது.

"சிரிப்பாங்கன்னா?" என்று கேட்டான்.

"ஆமா."

வேலு எழுந்தான். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போனான்.

மாஸ்டர் பலகையிலேயே உட்கார்ந்திருந்தார். அவன் வந்து திட்டுவான், இல்லை அழுவான், கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் தள்ளுவான் என்று காத்திருந்தார். எதுவானாலும் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தார். வெயில் ஏறிப் பலகைமேல் விழுந்தது.

தேவானை கதவை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். அவள் குரலில் முன்பிருந்த கடுப்புகூட இல்லை.

"அவரு வரமாட்டாரு" என்றாள். "நீங்க போங்க."